காற்றைப் பங்குபோட்டு ஓடுவது: டேல் எர்ன்ஹார்ட்டும் டிராஃப்டிங்கும்

டேல் எர்ன்ஹார்ட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு புகழ்ச்சி கட்டாயம் வரும்: அவர் கண்ணுக்குக் காற்று தெரியும் என்பார்கள். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தில் ஏழு முறை சாம்பியன் ஆனவருக்கு அந்தப் புகழ்ச்சி தகும். ஆனால் விளக்கமும் அதோடு நின்றுபோகிறது. அந்தக் காற்றில் என்ன இருந்தது, அதை வைத்து அவர் என்ன செய்தார் என்று கேட்டால், "முன்னால் போகிற வண்டி பின்னால் வருகிறதை இழுத்துக்கொண்டு போகும்" என்ற பதில்தான் கிடைக்கும். அது பாதி மட்டுமே சரி. மீதிப் பாதி புரியாவிட்டால், எர்ன்ஹார்ட் டல்லடேகா தடத்தில் பத்து முறை வென்றதும், டேடோனா தடத்தின் பெரிய பந்தயமான டேடோனா 500-ஐ வெல்ல இருபது முயற்சிகள் தேவைப்பட்டதும் வெறும் அதிர்ஷ்டக் கணக்காகவே தெரியும்.

யார் இந்த எர்ன்ஹார்ட்?

1951 ஏப்ரல் 29 அன்று வட கரோலினா மாநிலத்தின் கனாபொலிஸில் பிறந்தவர். துணி ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. அப்பா ரால்ஃப் எர்ன்ஹார்ட் குறுந்தடங்களில் பெயர் பெற்ற ஓட்டுநர். 1956-இல் நாஸ்காரின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் சாம்பியன். மகன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு வண்டிப் பக்கம் வந்தார். 1973-இல் அப்பா மாரடைப்பில் இறந்தபோது டேலுக்கு 22 வயது. பெரிய அணி எதுவும் அவரை அப்போது கூப்பிடவில்லை.

நாஸ்கார் என்பது 1948-இல் தொடங்கிய அமெரிக்கப் பந்தய அமைப்பு. ஸ்டாக் கார் என்றால் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரண கார் போல இருக்கும் வண்டி. உள்ளே எஃகுக் குழாய்களால் கட்டிய கூண்டு, 5.8 லிட்டரைத் தாண்டும் வி8 எஞ்சின், ஏறத்தாழ 1,540 கிலோ எடை. இதன் உச்சப் பிரிவான கப் தொடரில் எர்ன்ஹார்ட் முதலில் ஓடியது 1975-இல், சார்லட்டில். முழு வருடமும் ஓட வாய்ப்பு கிடைத்தது 1979-இல்தான். அந்த வருடமே பிரிஸ்டலில் முதல் வெற்றி, சிறந்த புதுமுகம் விருது. அடுத்த வருடம், 1980-இல், சாம்பியன். பிறகு அணி கைமாறியது, இடம் மாறினார். 1984-இல் ரிச்சர்ட் சில்ட்ரெஸ் அணிக்குத் திரும்பியபின் 1986, 1987, 1990, 1991, 1993, 1994 என்று ஆறு பட்டங்கள் சேர்ந்தன. மொத்தம் ஏழு. அதற்கு முன் ஏழு பட்டம் வைத்திருந்தவர் ரிச்சர்ட் பெட்டி ஒருவர்தான். கப் வெற்றிகள் 76.

கறுப்பு நிற 3-ஆம் எண் வண்டி, முரட்டு ஓட்டம், மிரட்டுபவர் என்ற பட்டப்பெயர். இடித்துத் தள்ளித்தான் ஜெயித்தார் என்று பலரும் நினைப்பது இதனால்தான். பிரிஸ்டல் போன்ற அரை மைல் தடத்தில் அது ஓரளவு உண்மை. 1999 ஆகஸ்டில் அங்கே கடைசிச் சுற்றில் டெர்ரி லபான்டியை இடித்துச் சுழலவிட்டு வென்றதை இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் டேடோனாவும் டல்லடேகாவும் வேறு உலகம். ஒரு சுற்று 2.5 மைல், 2.66 மைல். வளைவுகள் 31, 33 பாகை சாய்வில் சுவர் போல எழும்பி நிற்பதால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே திரும்பலாம். மணிக்கு 190 மைல், அதாவது 300 கி.மீ.க்கு மேல். அந்த வேகத்தில் பம்பரை விடப் பெரிய ஆயுதம் காற்று.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம்?

நெடுஞ்சாலையில் பைக்கில் போகும்போது ஒரு பெரிய லாரிக்குப் பின்னால் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று பலருக்கும் தெரியும். முகத்தில் அறைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். அதே ஆக்ஸிலரேட்டரில் வண்டி இலகுவாக ஓடும். வலது பக்கம் எட்டிப் பார்க்க விலகினால் காற்று மறுபடி மார்பில் மோதும். (இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். லாரி பிரேக் பிடித்தால் உங்களுக்கு நேரம் இருக்காது.) இப்படி ஒரு வண்டியை இன்னொரு வண்டி ஒட்டி ஓடுவதற்குப் பெயர் டிராஃப்டிங். அதன் முதல் பாதி இதுதான்: முன்னால் போகும் வண்டி காற்றைப் பிளந்து கொடுக்கிறது, பின்னால் வருபவர் அந்த இடத்தில் நுழைகிறார்.

ஓடும் வண்டியை எதிர்த்துக் காற்று தள்ளும் விசைக்குக் காற்றுத்தடை என்று பெயர். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அதைத் தாண்டி ஓட எஞ்சின் தரவேண்டிய சக்தி எட்டு மடங்காகும். மணிக்கு 50 கி.மீ.யில் யாரும் பொருட்படுத்தாத காற்று, 300 கி.மீ.யில் எஞ்சின் சக்தியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவது இதனால்தான்.

வண்டியின் மூக்கில் காற்று நெருக்கி அழுந்துகிறது. அங்கே அழுத்தம் அதிகம். கூரையைத் தாண்டி ஓடும் காற்று வாலுக்குப் பின்னால் உடனே வந்து சேர்வதில்லை. அங்கே குறைந்த அழுத்தத்தில், சுழன்று கலங்கிய காற்று மிஞ்சுகிறது. இதைக் கலங்கல் காற்று என்று வைத்துக்கொள்வோம். மூக்கில் அதிக அழுத்தம், வாலில் குறைந்த அழுத்தம். இந்த வித்தியாசம்தான் வண்டியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காற்றுத்தடையின் பெரும்பங்கு இதுவே.

இன்னொரு வண்டி அந்தக் கலங்கல் காற்றுக்குள் மூக்கை நுழைத்தால், அதன் மூக்கில் படும் அழுத்தம் குறையும். அதே எஞ்சின், அதே மிதி, ஆனால் வேகம் கூடும். முன்னால் இருக்கும் வண்டி கயிறு கட்டி இழுக்கவில்லை. பின்வண்டிக்கு எதிரே இருந்த தடை குறைந்தது, அவ்வளவே.

1960 டேடோனா 500-க்கான பயிற்சியில் ஜூனியர் ஜான்சன் இதைக் கண்டுகொண்டார். அவருடைய ஷெவர்லே, போன்டியாக்குகளை விட மெதுவான வண்டி. ஆனால் ஒரு போன்டியாக்கின் வாலை ஒட்டிப் போனால் விட்டுப்போகாமல் கூடவே ஓட முடிந்தது. அந்த வருடப் பந்தயத்தை அவர்தான் வென்றார்.

முன்னால் போகிறவருக்கும் லாபம்

இங்கேதான் மீதிப் பாதி இருக்கிறது. பின்வண்டி நெருங்கி வந்து வாலில் ஒட்டும்போது, முன்வண்டிக்குப் பின்னால் இருந்த குறைந்த அழுத்தப் பகுதியை அதன் மூக்கு நிரப்புகிறது. முன்வண்டியை வாலில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த வித்தியாசம் குறைகிறது. ஆகவே முன்வண்டியும் தனியாக ஓடுவதை விட வேகமாக ஓடுகிறது. இரண்டு வண்டிகள் சேர்ந்தால் ஒன்றை விட வேகம். வரிசை நீண்டால் இன்னும் வேகம்.

இதிலிருந்து பிறப்பது டிராஃப்டிங்கின் அடிப்படை விதி: தனி வண்டி எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் வரிசையிடம் தோற்கும். முதலிடத்தில் இருப்பவருக்கும் பின்னால் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எதிரணிக்காரராகத்தான் இருப்பார். அவரை ஒட்டவைத்துக்கொள்ளவும் வேண்டும், கடைசியில் முந்தவிடாமலும் இருக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மூக்கு அழுத்தம் குறைவதால் பின்வண்டிக்கு லாபம், வால் அழுத்தம் கூடுவதால் முன்வண்டிக்கு லாபம். யாரும் யாரையும் இழுப்பதில்லை. இருவரும் ஒரே காற்றுத்தடையைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

எஞ்சினுக்குப் பூட்டு போட்ட 1988

1987-இல் டல்லடேகா தகுதிச் சுற்றில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகம் எட்டினார். அந்த மே மாதப் பந்தயத்தில் பாபி அல்லிசனின் டயர் வெடித்து, வண்டி காற்றில் எழும்பிப் பார்வையாளர் பகுதியின் தடுப்புவேலியைப் பிய்த்தது. பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து டேடோனாவிலும் டல்லடேகாவிலும் ரெஸ்ட்ரிக்டர் பிளேட் கட்டாயமானது.

அது கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும், நான்கு துளைகள் உள்ள ஒரு உலோகத் தகடு. ஒவ்வொரு துளையும் ஒரு அங்குலத்தை ஒட்டிய அகலம். எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறைய வேண்டும், சக்தியும் குறையும். 1990-களின் இறுதியில் 700 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின், இந்தத் தகடு போட்டால் சுமார் 450-க்கு இறங்கிவிடும்.

பலர் இதை வேகக் கட்டுப்பாடு என்பதோடு விட்டுவிடுகிறார்கள். பந்தயத்தின் தன்மையையே அது மாற்றியது. எல்லா வண்டிகளும் ஏறத்தாழ ஒரே சக்தியில், மிதியை முழுக்க அழுத்தியபடி ஓடின. காலை ஒரு நொடி எடுத்தால் இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க எஞ்சினில் மிச்ச சக்தி இல்லை. முந்துவதற்கான கூடுதல் வேகம் கிடைக்கும் ஒரே இடம் காற்று. முப்பது நாற்பது வண்டிகள் ஒரே கூட்டமாக ஓடியதற்கும், ஒருவர் தடுமாறினால் பதினைந்து இருபது வண்டிகள் நொறுங்கியதற்கும் இதுதான் காரணம்.

எர்ன்ஹார்ட் டல்லடேகாவில் முதலில் வென்றது 1983-இல். தகடு வருவதற்கு முன். கடைசியாக வென்றது 2000-இல். தகடு வந்து பன்னிரண்டு வருடம் கழித்து. நடுவே வண்டியின் உடல் வடிவமும் விதிகளும் பலமுறை மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்று புதிதாகப் படித்தார் என்பதே என் கணிப்பில் அவருடைய உண்மையான திறமை. சாம்பியன் பட்டங்களை விட அந்தப் பத்து டல்லடேகா வெற்றிகளைத்தான் நான் மேலாக வைப்பேன்.

முந்துவது எப்படி?

வாலோடு ஒட்டி இருந்தபடி முந்த முடியாது. ஒட்டியிருக்கும்போது உங்களிடம் உள்ள மிச்ச வேகம் முழுவதும் முன்வண்டியைத் தள்ளுவதில் செலவாகிவிடும். அதனால் முதலில் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். ஓரிரு வண்டி நீளம் இடைவெளி விட்டு, பிறகு கலங்கல் காற்றுக்குள் பாய்ந்து வர வேண்டும். இப்படிச் சேர்த்த வேகத்தை அங்கே 'ரன்' என்பார்கள். முன்வண்டியை எட்டும் தறுவாயில், மூக்கு அதன் பம்பரைத் தொடுவதற்கு முன், வெளியே விலக வேண்டும்.

விலகிய நொடியில் உங்கள் மூக்கில் முழுக் காற்றும் மோதும். சேர்த்த வேகம் கரையத் தொடங்கும். பக்கவாட்டில் பாதி வண்டி முன்னேறியதும் ஓட்டம் தேங்கி நிற்கும். அங்கேதான் ஆள் துணை தேவை. உங்கள் பின்னால் இருந்தவரும் உங்களோடு விலகி வந்து வாலில் ஒட்டினால் தள்ளு கிடைக்கும், முந்திவிடலாம். அவர் பழைய வரிசையிலேயே தங்கிவிட்டால் நீங்கள் தனியாள். மொத்த வரிசையும் உங்களைக் கடந்து போகும். முதல் மூன்றில் இருந்தவர் ஒரே சுற்றில் பதினைந்தாம் இடத்துக்குப் போவது இப்படித்தான்.

துணை வராதபோது இன்னொரு வழி, பக்க டிராஃப்ட். எதிராளியின் பின்சக்கரப் பகுதிக்கு அருகே உங்கள் மூக்கைக் கொண்டுபோனால், உங்கள் மூக்கில் தெறிக்கும் அழுத்தக் காற்று அவருடைய வாலில் உள்ள ஸ்பாய்லரில் போய் முட்டும். ஸ்பாய்லர் என்பது வாலின் மேல் நிமிர்ந்து நிற்கும் தகடு. காற்றைத் தடுத்து வண்டியின் பின்பகுதியைத் தரையோடு அழுத்துவது அதன் வேலை. அதில் கூடுதல் காற்று முட்டினால் அவருடைய தடை கூடும், அவர் பின்தங்குவார்.

தவறுகள் எங்கே நேரும்? வளைவில் பம்பரின் நடுவில் தள்ளாமல் ஓரத்தில் தள்ளினால் முன்வண்டி சுழலும். நீண்ட நேரம் வாலோடு ஒட்டி ஓடினால் ரேடியேட்டருக்குப் புதுக் காற்று வராமல் எஞ்சின் கொதிக்கும். தடையைக் குறைக்க முகப்புச் சல்லடையின் ஒரு பகுதியை அணிகள் டேப் ஒட்டி மூடுவதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வரிசையில் ஓடும் ஒருவர் அவ்வப்போது அரை வண்டி அகலம் விலகி மறுபடி உள்ளே வந்தால், பலசமயம் அவர் முந்தப் பார்க்கவில்லை. எஞ்சினுக்கு மூச்சு கொடுக்கிறார்.

தொடாமலே தடுமாற வைப்பது

எர்ன்ஹார்ட்டின் பெயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுவது இதுதான். வளைவில் முன்வண்டியின் வாலுக்கு, அதிலும் இடப்புற மூலைக்கு, மிக அருகே மூக்கைக் கொண்டுபோவார். முன்வண்டியின் ஸ்பாய்லருக்கு மேல் சீராகப் போய்க்கொண்டிருந்த காற்று கலையும். பின்சக்கரங்களை அழுத்திப் பிடித்திருந்த விசை குறையும். பின்புறம் வெளியே நழுவத் தொடங்கும். வண்டி 'லூஸ்' ஆகிவிட்டது என்பார்கள். ஓட்டுபவருக்குக் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை. எர்ன்ஹார்ட் உள்பக்கமாகப் போய்விடுவார். ஒரு கீறல்கூட இருக்காது.

இதன் மறுபக்கம் பின்வண்டிக்கே வரும் தொல்லை. கலங்கல் காற்றில் அதன் முன்சக்கரங்களுக்கு அழுத்தம் போதாது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு சுவரை நோக்கியே போகும். அது 'டைட்'. எவ்வளவு நெருங்கினால் எதிராளி லூஸ் ஆவார், எவ்வளவுக்கு மேல் போனால் தான் டைட் ஆவோம் என்ற எல்லையை ஸ்டியரிங்கின் கனத்திலும் காற்றின் இரைச்சலிலும் கண்ணாடியில் தெரிவதிலும் அளப்பதற்கு வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். காற்று கண்ணுக்குத் தெரியும் என்ற பேச்சுக்கு அடியில் இருப்பது இந்த அளவீடு.

2000 அக்டோபர் 15, டல்லடேகா

இவை அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் எர்ன்ஹார்ட்டின் 76-ஆவது வெற்றியைப் பார்க்கலாம். அந்த வருட டேடோனா 500-இல் முதலிடம் ஒன்பது முறைதான் கைமாறியது. அந்தப் பந்தயத்தை எர்ன்ஹார்ட்டே கடுமையாகக் குறைகூறியிருந்தார். டல்லடேகாவுக்கு நாஸ்கார் புது விதி கொண்டுவந்தது: கூரையின் மேல் குறுக்கே ஒரு பட்டை, பெரிய ஸ்பாய்லர். இரண்டும் கலங்கல் காற்றைப் பெரிதாக்கின. பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் ரன் கூடியது. முதலிடம் 49 முறை கைமாறியது.

சுமார் ஐந்து சுற்றுகள் மிச்சமிருந்தபோது எர்ன்ஹார்ட் 18-ஆம் இடத்தில் இருந்தார். வரிசைகளுக்கு நடுவே நுழைந்து மேலே வந்தபோது அவர் வாலில் கென்னி வாலஸ் ஒட்டினார். வாலஸுக்குப் பின்னால் ஜோ நெமச்செக். மூன்று வண்டியும் ஒரே தொடராக முன்னேறின. எர்ன்ஹார்ட் முதலிடம், வாலஸ் இரண்டு, நெமச்செக் மூன்று. தள்ளியவர்களும் தள்ளப்பட்டவரும் வரிசையாக முடித்தார்கள். வாலஸ் இல்லாவிட்டால் அந்த வெற்றி இல்லை. அதே சமயம், யார் பின்னால் வருவார்கள், எந்த வரிசைக்கு வேகம் இருக்கிறது என்று கணித்து அந்த இடத்தில் போய் நின்றது எர்ன்ஹார்ட்தான்.

டேடோனா 500 ஏன் இருபது வருடம் இழுத்தது?

டேடோனா தடத்தில் சிறு பந்தயங்களையும் சேர்த்து அவர் 34 முறை வென்றவர். ஆனால் பெரிய பந்தயமான டேடோனா 500 நழுவிக்கொண்டே போனது. 1990-இல் 200 சுற்றுகளில் 155-இல் முன்னணியில் ஓடினார். கடைசிச் சுற்றின் மூன்றாம் வளைவில், தடத்தில் கிடந்த உலோகத் துண்டு பின்டயரைக் கிழித்தது. டெரிக் கோப் வென்றார், எர்ன்ஹார்ட் ஐந்தாவது.

1998 பிப்ரவரி 15 அன்று வென்ற விதம் பாடம் போன்றது. இறுதியில் பாபி லபான்டியும் ஜெரிமி மேஃபீல்டும் பின்னால் துரத்தினார்கள். கடைசிச் சுற்றைக் குறிக்கும் வெள்ளைக் கொடியும், விபத்தால் முந்துவதை நிறுத்தும் மஞ்சள் கொடியும் ஒன்றாக வீசப்படப் போகும் சுற்றில், ஒரு சுற்று பின்தங்கியிருந்த ரிக் மாஸ்டின் வண்டியை லபான்டிக்குக் குறுக்கே விழும்படி எர்ன்ஹார்ட் கடந்தார். லபான்டியின் ரன் உடைந்தது. இருபதாவது முயற்சியில் வெற்றி. வண்டிகள் டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நிற்கும் பிட் பாதையில் மற்ற அணிகளின் ஆட்கள் எல்லோரும் வரிசையாக நின்று அவருக்குக் கை கொடுத்தார்கள்.

2001-இன் கடைசி வளைவு

2001 பிப்ரவரி 18, டேடோனா 500. கடைசிச் சுற்றில் முதலிடம் மைக்கேல் வால்ட்ரிப், இரண்டாமிடம் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர். இருவரும் எர்ன்ஹார்ட்டின் சொந்த நிறுவன வண்டிகளில். மூன்றாமிடத்தில் அவர். முன்னிருவரும் ஒட்டி ஓடினார்கள். பின்னாலிருந்து வந்த கூட்டத்தின் முதல் ஆளாக எர்ன்ஹார்ட் நின்றதால் அவர்களை எட்டும் ரன் யாருக்கும் கிடைக்கவில்லை. நான்காம் வளைவில் ஸ்டெர்லிங் மார்லினின் வண்டியோடு எர்ன்ஹார்ட் வண்டியின் இடப்புறப் பின்பகுதி உரசியது. வண்டி கீழே இறங்கி மேலே திரும்பி, கென் ஷ்ரேடரின் வண்டி பக்கவாட்டில் மோத, மணிக்கு ஏறத்தாழ 255 கி.மீ. வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதியது. எர்ன்ஹார்ட் இறந்தார். வால்ட்ரிப்புக்கு அது 463-ஆவது பந்தயத்தில் முதல் வெற்றி.

மார்லின்மேல் ரசிகர்கள் சிலர் பழிபோட்டு மிரட்டினார்கள். அது நியாயமில்லை. நெருக்கமாக ஓடும் கூட்டத்தில் இயல்பாக நிகழும் உரசல் அது. ஜூனியரும் வால்ட்ரிப்பும் வெளிப்படையாகவே அவருக்கு ஆதரவாகப் பேசினார்கள்.

பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிந்த மோதல் ஏன் உயிரைப் பறித்தது? வண்டி உருண்டு சிதறும்போது வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. அசையாத சுவரில் மோதும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் கழிகிறது. பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. தலை முன்னே பாயும்போது அதன் எடையும் ஹெல்மெட்டின் எடையும் கழுத்தைப் பிடித்து இழுக்க, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகிறது. எர்ன்ஹார்ட்டுக்கு நேர்ந்தது அதுதான். அவருடைய இடுப்பு பெல்ட் ஒன்று பிரிந்திருந்ததையும், ஷ்ரேடர் வண்டியின் மோதல் தலையின் நிலையை மாற்றியதையும், சுவரில் மோதிய கோணத்தையும் ஆகஸ்டில் வெளிவந்த நாஸ்கார் அறிக்கை சேர்த்தே காரணமாகச் சொன்னது.

இதற்கான கருவி அப்போதே இருந்தது. ஹான்ஸ் என்று பெயர். பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980-களில் உருவாக்கியது. தோளில் உட்காரும் ஒரு கடினமான பட்டை, அதன் மேல் தோள் பெல்ட்டுகள், ஹெல்மெட்டின் இரு பக்கமும் அதோடு இணைக்கும் வார்கள். உடல் நிற்கும்போது தலையும் கூடவே நிற்கும். 2000-இல் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் மூவர் பந்தய வண்டியில் இறந்த பிறகும் அது கட்டாயமாகவில்லை. எர்ன்ஹார்ட்டும் அணியவில்லை. 2001 அக்டோபரில் நாஸ்கார் தலை, கழுத்துக் காப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2002-இல் இண்டியானாபொலிஸில் தொடங்கி, மோதலின் வேகத்தை உள்வாங்கும் சேஃபர் தடுப்பு கான்கிரீட் சுவர்களின் முன்னால் வரத்தொடங்கியது. அதற்குப் பிறகு கப் தொடரில் ஒரு ஓட்டுநரும் பந்தயத்தில் உயிரிழக்கவில்லை.

இன்று பார்க்கும்போது

2019 டேடோனா 500-ஓடு ரெஸ்ட்ரிக்டர் பிளேட் விடைபெற்றது. அதே வேலையை இப்போது வேறு வடிவத் துளைகள் கொண்ட ஒரு பாகம் செய்கிறது. வண்டிகளும் மாறிவிட்டன. ஆனால் மூக்கு அழுத்தமும் வால் அழுத்தமும் மாறவில்லை. அடுத்த முறை டேடோனா ஓட்டத்தைப் பார்க்கும்போது, முதலிடத்தை விட்டுவிட்டு ஐந்தாம், ஆறாம் இடத்தில் இருப்பவரைக் கவனியுங்கள். அவர் முன்வண்டியிடமிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டால் ரன்னுக்குத் தயாராகிறார். விலகியதும் அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் இருந்தவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பாருங்கள். அந்த முந்தல் நடக்குமா நடக்காதா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.